நன்று என்று சொன்னால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ் இலக்கியம்)

நம் கல்லூரியில் கதை எழுதுவோர் பலர் இருக்கின்றனர். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்திலும், ஏன், வகுப்பின் கடைசி இருக்கையிலும்கூடக் கதைகள் பிறக்கின்றன. அவற்றை வாங்கிப் படிக்கும் நண்பர்களும் இருக்கின்றனர். ஆனால் படித்த பிறகு, எழுதியவனுக்குப் பயன்படும்படி நான்கு வார்த்தை சொல்பவர்கள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையில் நானும் சேராதவனாகவே இருந்தேன். அதன் விளைவாக ஒரு நல்ல நண்பன் எழுதுவதையே நிறுத்திவிட்டான். அந்தக் குற்ற உணர்வுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அவன் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு குப்பத்தைச் சேர்ந்தவன்; நானும் அப்பகுதியைச் சேர்ந்தவனே. ராக்கெட் ஏவுதளம் அமைந்த காலத்தில் ஸ்ரீஹரிகோட்டாத் தீவை விட்டு வெளியேறிய மீனவர் குடும்பம் ஒன்றின் கதையை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி, முதன்முதலாக என்னிடம்தான் கொடுத்தான். மாலைப் பேருந்தில் எட்டுப் பக்கம் படித்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. பிறகு தூங்கிவிட்டேன். மறுநாள் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அருமைடா! ஒரு எழுத்தைக்கூட மாத்தாதே. அப்படியே போட்டிக்கு அனுப்பு" என்றேன்.

அனுப்பினான். பரிசு கிடைக்கவில்லை. நடுவர்களில் ஒருவர் அவனை நேரில் கண்டபோது சொன்னாராம்: "தம்பி, முதல் பத்துப் பக்கம் கதை. அதற்குப் பிறகு மேடைப் பேச்சு." நண்பன் என்னிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீ படிச்சப்ப உனக்கு அப்படித் தோணலையா?"

பத்தாம் பக்கம் வரைக்கும் நான் போகவே இல்லை என்பதை எப்படிச் சொல்வேன்? அவன் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அந்த நோட்டில் மீதமிருந்த தாள்களில் இப்போது அவன் தங்கை கணக்குப் போடுகிறாள்.

மாணவ நண்பர்களே! நாம் நட்பின் பெயரால் வழங்கும் "நல்லாயிருக்கு" என்ற சொல் பெரும்பாலும் இத்தகையதே. இக்காலத்தில் அந்தச் சொல்லைக்கூடச் சொல்லாமல், கைப்பேசியில் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பி முடித்துவிடுகிறோம். இதற்கு நேர்மாறாக, "இதெல்லாம் ஒரு கதையா?" என்று எள்ளி நகையாடித் தாளைத் தூக்கிப் போடுவோரும் உண்டு. முன்னது இனிக்கும், பின்னது கசக்கும். ஆனால் எழுதியவன் மறுபடி மேசைமுன் உட்காரும்போது இரண்டுமே அவனுக்கு உதவா. எந்த வரியைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதை இரண்டும் சொல்வதில்லை. கடிந்து சொல்லும் துணையில்லாத மன்னன், கெடுப்பார் எவரும் இல்லாமலேயே கெடுவான் என்கிறார் வள்ளுவர். எழுத்தாளனுக்கும் இது பொருந்தும். ஆனால் கடிந்து சொல்வதற்கும் ஒரு முறை வேண்டும்.

இம்முறை நமக்குப் புதியதன்று. ஒரு நூல் உலகுக்குப் போகுமுன் அவையில் அரங்கேற வேண்டும் என்பது நம் மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவின் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்கு முன் அரங்கேறியதாகப் பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. அவர் குற்றம் கூறக் கூற, தொல்காப்பியர் விடை கூறியதாக நச்சினார்க்கினியர் உரையில் ஒரு கதை உண்டு. எனினும் என்னை மிகவும் கவர்ந்தவர் அதங்கோட்டாசான் அல்லர், உருத்திரசன்மன்.

களவியல் உரையில் வரும் கதை இது. இறையனார் களவியலுக்குப் புலவர் பலரும் உரை கண்டனர். எது மெய்யுரை என்று தீர்மானிக்க முடியவில்லை. உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுப் பிள்ளையை நடுவராக அமர்த்தினர். அவன் வாய் பேசாதவன். புலவர்கள் ஒவ்வொருவராக உரையை வாசித்தனர். பிள்ளை சும்மா இருந்தான். மதுரை மருதன் இளநாகனார் வாசித்தபோது சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான். நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வார்ந்தான். அதுவே மெய்யுரை என்று முடிவாயிற்று.

இது நடந்ததா, நடக்கவில்லையா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். இக்கதையில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அந்தப் பிள்ளை "நன்று" என்றும் சொல்லவில்லை, "தீது" என்றும் சொல்லவில்லை; இப்படி மாற்று, அப்படி மாற்று என்றும் சொல்லவில்லை. எந்த இடத்தில் தன் உள்ளம் அசைந்தது, எந்த இடத்தில் அசையவில்லை என்பதை மட்டும் மறைக்காமல் காட்டினான். ஒரு கையெழுத்துப் பிரதியைப் படிப்பவர் எழுதியவனுக்குக் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த பொருள் அதுதான் என்பது என் கருத்து. தீர்ப்புச் சொல்ல உலகில் ஆயிரம் பேர் உண்டு. இங்கே நின்றேன், இங்கே தடுக்கிற்று, இங்கே நம்பிக்கை போயிற்று என்று சொல்பவர்தாம் அரிது.

இதை நான் ஏட்டில் கற்கவில்லை. எங்கள் குப்பத்தில்தான் கற்றேன். நண்பனுக்கு நேர்ந்ததற்குப் பிறகு நானே ஒரு சிறுகதை எழுதினேன். கதாநாயகன் ஓர் இளைஞன். ஏழை. காதலியின் தந்தை கேட்ட பணத்தைச் சேர்க்க, ஒரு நள்ளிரவில் முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டி, கூடை கூடையாக இறால் பிடிக்கிறான். நிலவைப் பற்றியே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். வகுப்பு நண்பர்கள் மூவர் படித்து, வழக்கம்போல் "சூப்பர்" என்றனர். எனக்கு அந்தச் சொல்லின் மேல் அப்போது அச்சமே வந்திருந்தது. ஆகவே ஒரு மாலை, வாசலில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியப்பாவுக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயாவுக்கும் கதையை உரக்கப் படித்துக் காட்டினேன். பெரியப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆயாவுக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது.

படித்து முடித்ததும் பெரியப்பா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அன்னிக்கு யாரோட பாடு?"

ஏரிக்கரை ஊர்க்காரர்களுக்குப் பாடு என்றால் விளக்கத் தேவையில்லை. மற்ற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் வளரும் இறால், வற்றுநீரோடு கடலுக்குத் திரும்பும் வழி முகத்துவாரம். அதை ஒட்டிய சில நீர்ப்பகுதிகளில் கழி நட்டு வலை கட்டினால் நல்ல வரும்படி கிடைக்கும். எல்லாரும் ஒரே இடத்துக்குப் பாய்ந்தால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றனர். சீட்டுப் போட்டு, இன்னாருக்கு இன்ன முறை என்று வகுத்துக்கொள்வதே பாடு. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். தன் முறை இல்லாத நாளில் ஒருவன் அங்கே வலை கட்ட முடியாது.

"அது கதைதானே பெரியப்பா" என்றேன்.

"கதையில பாடு கெடையாதா? அவன் பாடு இல்லாத அன்னிக்கி வலை கட்டியிருந்தான்னா ஊரே கூடியிருக்கும். உன் கதையில ஒருத்தனும் வாயத் தொறக்கலியே, இன்னாடா ஊரு அது?"

ஆயா விடவில்லை. கணவன் கடலிலிருந்து திரும்பாத மறுநாள், கதாநாயகனின் தாய் மீன் கூடையைத் தலையில் சுமந்து அழுதுகொண்டே சந்தைக்குப் போவதாக நான் எழுதியிருந்தேன். ஆயா சொன்னது இது: "கூடை தலையில கீறப்ப அழுவ முடியாதுடா. கழுத்து நிக்காது. எறக்கி வெச்சப்புறந்தான் அழுவ வரும்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. இவர்களுக்கு இலக்கியம் என்ன தெரியும் என்று மனத்துக்குள் நினைத்தேன். இரண்டு நாள் நோட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள்தான் புரிந்தது. பெரியப்பா கேட்ட அந்த ஒரு கேள்விக்குள் நான் எழுதாமல் விட்ட கதை முழுவதும் இருந்தது. என் கதாநாயகன் தன் முறையல்லாத இரவில், மற்றொருவனுடைய பாட்டில் வலை கட்டியிருக்கிறான்! அந்த மற்றவன் யார்? அவனுக்கும் கடன் இருக்காதா? விடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் இவன் என்ன சொல்வான்? நிலவு ஒன்றரைப் பக்கத்திலிருந்து ஒரே வரியாகச் சுருங்கிற்று. தாய் கூடையை இறக்கி வைத்த பிறகுதான் அழுதாள். அந்தக் கதை இன்னும் எங்கும் அச்சேறவில்லை. மூன்று முறை திருத்தியும் எனக்கு முழு நிறைவில்லை. ஆனால் அது இப்போது எங்கள் ஊரின் கதை. முன்னர் அது நான் பார்த்த சினிமாக்களின் கதையாக இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியப்பா கதையைத் திருத்தவில்லை, கேள்விதான் கேட்டார். ஆயா அறிவுரை கூறவில்லை. தனக்குத் தெரிந்த ஓர் உண்மையைச் சொன்னார். திருத்தும் வேலையை இருவரும் எனக்கே விட்டுவிட்டனர்.

எல்லாக் கருத்தையும் ஏற்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் விடை. நன்கு கற்ற ஒருவர் அதே கதையைப் படித்துவிட்டு, "இன்னா, கீது என்பதெல்லாம் கொச்சை. பேச்சு முழுவதையும் செந்தமிழாக்கு" என்றார். அதை நான் ஏற்கவில்லை. ஆயாவின் வாயில் செந்தமிழை வைத்தால் அது ஆயாவாக இருக்காது. ஆனால் அவர் சொன்னதை ஒதுக்கவும் இல்லை. ஏன் அப்படிச் சொன்னார் என்று திரும்பப் பார்த்தபோது, முதல் பக்கத்திலேயே வெளியூரார்க்குப் புரியாத எங்கள் சொற்கள் மூன்றினை அடுக்கியிருந்தேன். அவர் தடுக்கி விழுந்தது உண்மை; அவர் சொன்ன மருந்துதான் தவறு. சொற்களை மாற்றாமல், சூழலிலேயே பொருள் விளங்கும்படி இடம் மாற்றி வைத்தேன். இதிலிருந்து ஒரு விதியை வகுத்துக்கொண்டேன்: படிப்பவர் "இங்கே இடறிற்று" என்றால் நம்பு, "இப்படி மாற்று" என்றால் யோசி.

பெரிய எழுத்தாளர்களுக்கும் இத்தகைய துணை வேண்டியிருந்தது. 1899-இல் செக்காவ், தம்மைவிட இளையவரான கார்க்கிக்கு எழுதிய கடிதம் ஒன்று புகழ்பெற்றது. கார்க்கியின் திறமையை அவர் ஐயப்படவே இல்லை. ஆனால் அடைமொழிகள் மிகுந்திருப்பதால் படிப்பவரின் கவனம் திணறிக் களைத்துப்போகிறது, அச்சுப்படி திருத்தும்போது அவற்றை அடித்துவிடுங்கள் என்று எழுதினார். இன்ன இடத்தில், இன்ன காரணத்தால், படிப்பவருக்கு இன்னது நேர்கிறது என்று சொன்னதால்தான் அது பயன்படும் கருத்தாயிற்று.

நம் தமிழகத்தில் திருநெல்வேலி தி. க. சி. அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. 2014-இல் மறையும் வரை, முகம் தெரியாத இளம் எழுத்தாளர்களுக்கெல்லாம் ஓயாமல் அஞ்சலட்டை எழுதியவர் அவர். ஓர் அட்டையில் எத்தனை வரி எழுதிவிட முடியும்? ஆனால் உன் எழுத்தை ஒருவர் உண்மையிலேயே படித்திருக்கிறார் என்னும் செய்தி அந்தச் சில வரிகளிலேயே போய்ச் சேர்ந்துவிடும். படித்திருக்கிறார் என்பதே பாதி உதவி. நான் என் நண்பனுக்குச் செய்யத் தவறியதும் அதுவே.

மறுபாதி உதவிக்கு, 1974-இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனைச் சொல்லலாம். கையெழுத்துப் பிரதியை வந்தபடியே அச்சுக்கு அனுப்பாமல், எழுத்தாளரோடு அமர்ந்து செப்பனிடுவதைப் பதிப்பாளரின் கடமையாகக் கொண்டவர் அவர். இமையத்தின் முதல் நாவலான 'கோவேறு கழுதைகள்' 1994-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. ராமகிருஷ்ணன் 2020-இல் மறைந்தார். அதே 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது, இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலுக்குக் கிடைத்தது. ஒரு நல்ல வாசகர் உடனிருப்பது எழுத்தாளனின் தன்மையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்? என் அனுபவத்தில் கண்டவற்றைச் சொல்கிறேன்.

கருத்துச் சொல்பவர் முதலில் முழுவதையும் படிக்க வேண்டும். நேரமில்லை என்றால் "நேரமில்லை" என்று சொல்லிவிடுவது நேர்மை. படிக்கும்போதே, எந்தப் பக்கத்தில் மனம் ஒன்றிற்று, எந்தப் பக்கத்தில் எத்தனை தாள் மீதி என்று புரட்டிப் பார்க்கத் தோன்றிற்று என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். நன்றாக இருந்த இடத்தையும் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் திருத்துகிறேன் என்று அவன் அதையே அடித்துவிடுவான். பேச்சு கதையைப் பற்றியதாக இருக்க வேண்டும். கதை எழுதியவனின் ஊர், சாதி, படிப்பு ஆகியவற்றைப் பற்றியதாக இருத்தல் கூடாது. நாம் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்போம் என்று சொல்லும் ஆசையை அடக்க வேண்டும். அது நம் கதை. அதை நாமே வேறொரு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். ஒற்றுப்பிழை, சந்திப்பிழைகளைக் கடைசியில் சொன்னால் போதும். இடிந்துவிழும் சுவருக்கு வெள்ளையடித்து என்ன பயன்?

கருத்துக் கேட்பவனுக்கோ வேலை இன்னும் கடினம். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்! "நான் அதில் சொல்ல வந்தது என்னவென்றால்" என்று தொடங்கினால், சொல்ல வந்தது தாளில் இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். புத்தகம் போகுமிடமெல்லாம் நாம் கூடவே போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு ஒரு வாரம் ஆறப்போட வேண்டும். ஒருவர் மட்டும் இடறிய இடத்தைப் பற்றி ஐயம் கொள்ளலாம். மூவர் ஒரே இடத்தில் இடறியிருந்தால், மூவர் சொல்லும் காரணமும் வெவ்வேறாக இருந்தாலும், அங்கே பள்ளம் இருக்கிறது என்று கொள்ளலாம். முடிவில் எதை ஏற்பது என்பது எழுதியவன் உரிமை.

இதற்கு நம் கல்லூரியிலேயே ஓர் ஏற்பாடு செய்யலாம் என்பது என் வேண்டுகோள். மாதிரியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை, பாடு இருக்கிறதே! எழுதுவோர் அனைவரும் சீட்டுப் போட்டு முறை வகுத்துக்கொள்வோம். வாரத்தில் ஒரு மாலை ஒருவருடைய பாடு. அன்று அவர் தம் கதையை உரக்கப் படிப்பார், பிறகு பேசமாட்டார். கேட்டவர் ஒவ்வொருவரும் தம்மை அசைத்த ஓர் இடம், தாம் இடறிய ஓர் இடம், ஒரு கேள்வி என்ற அளவில் சொல்வர். அடுத்த வாரம் மற்றொருவர் பாடு. இன்று கேட்பவன் நாளை படிப்பவன். ஆகவே எவரும் கொடுமையாகப் பேசத் துணியமாட்டார். எவரும் பொய்யாகப் புகழவும் மாட்டார், ஏனெனில் நாளை தமக்கும் பொய்தான் கிடைக்கும்.

ஆனால் பாட்டுமுறையில் நாம் பின்பற்றக் கூடாத ஒன்றும் உண்டு. பாட்டில் பெயர் இல்லாதவருக்கு அந்நீரில் இடமில்லை. அதனால் ஊருக்கும் ஊருக்கும் பூசல்கள் நேர்ந்ததுண்டு. நம் பாட்டில் அந்த வேலி வேண்டாம். வேதியியல் மாணவரும், வணிகவியல் மாணவியரும், ஆசிரியப் பெருமக்களும் வரட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வரட்டும். அவர்களால் வர இயலாது என்றால், நாம் நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலுக்குப் போவோம். நாம் எழுதுவது பெரும்பாலும் அவர்களைப் பற்றித்தானே?

கடைசியாக ஒன்று. சென்ற மாதம் நண்பனின் வீட்டுக்குப் போய் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். தங்கையின் கணக்குகளோடுதான் இருந்தது. இந்த முறை நாற்பது பக்கத்தையும் படித்தேன், இரண்டு தடவை. நடுவர் சொன்னது சரிதான். பத்தாம் பக்கத்துக்குமேல் கதை மேடையேறிவிடுகிறது. ஆனால் முப்பத்தொன்றாம் பக்கத்தில், தீவை விட்டுப் படகேறும் கிழவி தன் வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. அதைப் படித்ததும் மேலே போக முடியாமல் நோட்டை மூடி வைத்துவிட்டேன். எங்கே நின்றேன், எங்கே இடறினேன் என்று இரண்டு தாளில் எழுதி, முடிவில் ஒரு கேள்வியும் எழுதினேன்: "அந்தச் சாவி இப்போது எங்கே இருக்கிறது?"

நோட்டோடு சேர்த்து அத்தாள்களையும் அவனிடம் கொடுத்தேன். "பாக்கலாம்" என்றான். அவ்வளவுதான். ஆனால் நோட்டைத் தங்கையிடம் கொடுக்காமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். நாம் சீட்டுப் போடும் நாளில் முதல் பாடு அவனுக்கு விழ வேண்டும் என்பது என் ஆசை.